கடை எப்போ திறக்கும், எப்போ சாத்தும்? இங்கிலீஷில் கேட்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

ராமேசுவரம் தீவிலும் மண்டபம், கீழக்கரை பக்கமும் உள்ள பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் இங்கிலீஷ் பேசப் பழக்குகிறேன். அதற்கு முன்பு சில வருஷம் சங்கு, சோழி விற்கிற கடையில் நின்றவன். வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கடைகளில் வேலை பார்ப்பவர்கள். மீதிப் பேர் துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பக் காத்திருப்பவர்கள். இரண்டு தரப்பும் முதல் வாரமே வந்து நிற்பது கடை நேரத்தில்தான். அவர்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். வாயில் வந்தால் போதும், எழுத்துக்கூட்டல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

'இஸ் த ஷாப் ஓப்பன்?', 'இஸ் த ஷாப் ஓப்பன்ட்?' இதில் எது சரி?

முதலாவது. இந்த இடத்தில் பள்ளிக்கூட இலக்கணமே நம்மைக் குழப்பிவிடுகிறது. 'ஓப்பன், ஓப்பன்ட், ஓப்பன்ட்' என்று மனப்பாடம் செய்தோம். 'க்ளோஸ், க்ளோஸ்ட், க்ளோஸ்ட்' என்றும் செய்தோம். மூடியிருந்தால் 'க்ளோஸ்ட்' என்றால், திறந்திருந்தால் 'ஓப்பன்ட்' என்றுதானே வரணும்? கணக்கு நியாயமானதுதான். ஆனால் இங்கிலீஷ் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. திறந்திருக்கும் நிலைக்கு வெறும் 'ஓப்பன்', மூடியிருக்கும் நிலைக்கு 'க்ளோஸ்ட்'. ஜோடி சேராத ஜோடி.

இதை மறக்காமல் இருக்க நம் தமிழே போதும். 'கடை திறந்திருக்கு' என்பது இப்போதைய நிலைமை. 'கடை ஒன்பதுக்குத் திறக்கும்' என்பது தினமும் நடக்கிற வேலை. 'கடையை ஒன்பதுக்குத் திறந்தாங்க' என்பது நடந்து முடிந்தது. படிக்காத பாட்டிகூட இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்ல மாட்டார். இங்கிலீஷிலும் அதே மூன்று உண்டு: 'இட்ஸ் ஓப்பன்', 'இட் ஓப்பன்ஸ் அட் நைன்', 'தே ஓப்பன்ட் அட் நைன்'. மூடுவதற்கும் அப்படியே: 'இட்ஸ் க்ளோஸ்ட்', 'இட் க்ளோஸஸ் அட் நைன்', 'தே க்ளோஸ்ட் அட் நைன்'.

ஆகவே கேட்பதற்கு முன் மனசுக்குள் ஒரு தடவை தமிழில் கேட்டுப் பாருங்கள். 'திறந்திருக்கா?' என்று வந்தால் 'ஆர் யூ ஓப்பன்?' அல்லது 'இஸ் இட் ஓப்பன்?'. 'எப்போ திறப்பீங்க?' என்று வந்தால் 'வாட் டைம் டு யூ ஓப்பன்?'. வகுப்பில் நான் வைத்திருக்கும் ஒரே சூத்திரம் இதுதான். 'இருக்கா' வந்தால் 'ஆர்', 'ப்பீங்க' வந்தால் 'டு'.

இதற்குள் ஒரு நுணுக்கம். 'டு யூ ஓப்பன் அட் நைன்?' என்றால் நீங்கள் திறக்கும் நேரமே ஒன்பதுதானா என்று கேட்கிறீர்கள். 'ஆர் யூ ஓப்பன் அட் நைன்?' என்றால் ஒன்பது மணிக்கு நான் வந்தால் கடை திறந்திருக்குமா என்று கேட்கிறீர்கள். எட்டு மணிக்கே திறக்கிற கடைக்காரர் முதல் கேள்விக்கு 'நோ' என்பார், இரண்டாவதுக்கு 'யெஸ்' என்பார். இரண்டுமே உண்மையான பதில்தான்.

'இன்னைக்குக் கடை இருக்கா?' என்பதை எப்படிக் கேட்பது?

'ஆர் யூ ஓப்பன் டுடே?' அவ்வளவுதான்.

'இஸ் ஷாப் தேர் டுடே?' என்று கேட்பவர்கள் நம்மிடம் ஏராளம். நமக்குக் 'கடை இருக்கு' என்றாலே திறந்திருக்கிறது, வியாபாரம் நடக்கிறது என்று பொருள். வெளியூர்க்காரர் காதில் அது 'அந்தக் கட்டடம் இன்றைக்கு அங்கே நிற்கிறதா' என்று விழும். நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு நாள் உறவில் ஒரு துக்கம். ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று வந்தது. 'டுடே நோ ஷாப்' என்றேன். இருவரும் தலைக்கு மேலே இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார்கள், எனக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த சங்குகளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். 'சாரி, வீ ஆர் க்ளோஸ்ட் டுடே' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் 'டுடே ஷாப் லீவ்'. லீவு என்பது ஆளுக்கு. கடைக்கு லீவு கிடையாது, கடை 'க்ளோஸ்ட்'. 'சண்டே மீன்ஸ் லீவ்' என்பதும் 'ஞாயித்துக்கிழமைன்னா லீவு' என்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்தது. 'வீ ஆர் க்ளோஸ்ட் ஆன் சண்டேஸ்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

'ஷாப்' என்று சொல்லாமல் 'யூ' என்று சொல்லலாமா? கடைக்காரரை மூடச் சொல்கிற மாதிரி இல்லையா?

சொல்லலாம். அதுதான் இயல்பு. நாமும் 'கடை எப்போ திறக்கும்?' என்பதைவிட 'எப்போண்ணே திறப்பீங்க?' என்றுதான் அதிகம் கேட்கிறோம். கீழக்கரையில் அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிட்டு, 'காக்கா, கடை எப்ப திறப்பிய?' என்பார்கள். அந்த 'திறப்பிய'தான் 'டு யூ ஓப்பன்'. கடைக்குள்ளே நின்றுகொண்டோ போனில் பேசியோ கேட்டால் 'யூ'. மூன்றாம் ஆளிடம் விசாரித்தால் மட்டும் கடையின் பெயரோ வகையோ வரும்: 'வாட் டைம் டஸ் த பேக்கரி ஓப்பன்?', 'டு யூ நோ இஃப் த ஃபார்மஸி இஸ் ஓப்பன்?'.

பதிலும் அப்படித்தான் வரும். 'வீ ஓப்பன் அட் எய்ட்' என்பார். முதலாளி ஒருவரே தனியாக நடத்துகிற பெட்டிக்கடையானாலும் 'வீ'தான்.

'வாட் டைம் வில் யூ ஓப்பன்?' என்று 'வில்' போட்டால் தப்பா?

தப்பில்லை, அர்த்தம் கொஞ்சம் நகரும். வழக்கமான நேரத்துக்கு 'டு யூ'. இன்றைக்கு மட்டும் ஏதோ மாற்றம் என்று தெரிந்தால் 'வில் யூ'. புயல் எச்சரிக்கை, துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், பாம்பன் பாலத்தில் காற்று பலமாக அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 'வில் யூ பி ஓப்பன் டுமாரோ?' என்பதுதான் சரியான கேள்வி. 'நாளைக்குத் திறந்திருப்பீங்களா?' என்பதன் நேர் வடிவம் அது.

திறப்புவிழா நடக்காத புதுக்கடை முன்னால் நின்று 'வென் வில் யூ ஓப்பன்?' என்றால் எந்தத் தேதியில் என்று கேட்பதாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே அதுவும் பொருத்தம்தான்.

'ஷாப் டைமிங் என்ன?' என்று கேட்கிறோமே, 'டைமிங்' இங்கிலீஷ் இல்லையா?

நம் ஊரில் அது செல்லுபடியாகும். சென்னையிலும் மும்பையிலும் 'வாட் ஆர் யுவர் டைமிங்ஸ்?' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கல்ஃபிலும் நம் ஆட்கள் நிறைந்திருப்பதால் ஓடிவிடும். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆட்களுக்கு 'டைமிங்' என்றால் சரியான தருணம் பார்த்துச் செய்வது. கிரிக்கெட்டில் 'டைமிங் நல்லா இருக்கு' என்கிறோமே, அது. அவர்களிடம் 'வாட் ஆர் யுவர் அவர்ஸ்?' அல்லது 'வாட் ஆர் யுவர் ஓப்பனிங் அவர்ஸ்?' என்று கேளுங்கள். 'ஓப்பனிங் அவர்ஸ்' என்றால் திறக்கும் நேரம் மட்டும் இல்லை, திறந்ததிலிருந்து மூடுகிற வரைக்கும் அதில் அடக்கம்.

'எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?' என்பதற்கும் இதே கேள்விதான். 'ஃப்ரம் வாட் டைம் டு வாட் டைம்' என்று இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

நம் 'ங்க'வை இங்கிலீஷில் எங்கே வைப்பது? மரியாதை குறையாமல் கேட்க வேண்டுமே.

நியாயமான கவலை. நமக்கு மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. இங்கிலீஷில் வால் கிடையாது, தலையில் வைக்க வேண்டும். 'எக்ஸ்க்யூஸ் மீ' என்று ஆரம்பித்தாலே பாதி மரியாதை வந்துவிடும். 'எக்ஸ்க்யூஸ் மீ, வாட் டைம் டு யூ க்ளோஸ்?' என்பது முழு மரியாதையான கேள்வி. அதற்கு மேல் 'சார்', 'கைண்ட்லி' என்று அடுக்கினால் அரசாங்க மனு மாதிரி ஆகிவிடும். 'பிரதர்' என்பது கல்ஃபில் நன்றாக எடுபடும், லண்டன் கடையில் அவ்வளவு எடுபடாது.

இன்னும் பணிவாகக் கேட்க 'குட் யூ டெல் மீ வாட் டைம் யூ க்ளோஸ்?'. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளே 'டு' காணாமல் போய்விடும். 'குட் யூ டெல் மீ வாட் டைம் டு யூ க்ளோஸ்' என்று பத்துக்கு எட்டுப் பேர் சொல்கிறார்கள். என் மாணவர்களும் சொல்கிறார்கள், களைப்பான நாளில் நானும் சொல்லியிருக்கிறேன். தமிழில் 'எத்தனை மணிக்கு மூடுவீங்கன்னு சொல்றீங்களா?' என்கிறோம். கேள்வியின் 'ஆ' கடைசியில் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. 'மூடுவீங்களான்னு சொல்றீங்களா' என்றால் அது வேறு கேள்வியாகிவிடும். இங்கிலீஷிலும் கேள்வி வடிவம் ஒரு தடவை போதும். 'குட் யூ'விலேயே அது முடிந்துவிட்டது.

'க்ளோஸ்' என்று சொன்னால் அவர்களுக்குப் புரியவில்லை. ஏன்?

கடைசி எழுத்து. மூடுவதற்கான 'க்ளோஸ்' ஈ ரீங்கரிக்கிற மாதிரி முடிய வேண்டும். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியணும். நாம் பாம்பு சீறுகிற மாதிரி 'ஸ்' என்று முடிக்கிறோம். அப்படி முடித்தால் அது 'பக்கத்தில்' என்று பொருள் தரும் வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

எங்கள் வகுப்பில் குர்ஆன் ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது சுலபமாக வருகிறது. 'ஜம்ஜம்' தண்ணீர் என்று நாம் எழுதுகிறோமே, அதை அரபியில் சரியாக உச்சரிக்கும்போது முதலில் வருகிற ஒலிதான் இது. மற்ற பிள்ளைகள் அவர்களைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். வரவே வராது என்றால் கவலைப்பட வேண்டாம். 'ஹவ் லேட் ஆர் யூ ஓப்பன்?' என்று கேளுங்கள். எத்தனை மணி வரை இருப்பீங்க என்று அர்த்தம். 'க்ளோஸ்' என்ற சொல்லே தேவைப்படாது. பல வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

மூடுவதற்கு வேறு சொற்கள் உண்டா? 'க்ளோஸ் டவுன்', 'ஷட்' எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றில்லை, கவனம் தேவை. 'க்ளோஸ் டவுன்' என்றால் கடையை இழுத்து மூடிவிட்டுப் போய்விடுவது. 'ஷட் டவுன்' என்பதும் பெரும்பாலும் அதே வகை. நன்றாக வியாபாரம் நடக்கிற கடைக்காரரிடம் 'வென் ஆர் யூ க்ளோசிங் டவுன்?' என்றால் முகம் மாறிவிடும். நம் பெரியவர்கள் விளக்கை அணைத்தேன் என்று சொல்லாமல் மலையேற்றினேன் என்றார்கள், கடையை மூடினேன் என்று சொல்லாமல் கடை கட்டினேன் என்றார்கள். அந்த நினைப்பை வைத்துக்கொண்டால் 'டவுன்' சேர்க்கக் கை வராது.

வெறும் 'ஷட்' பிரிட்டிஷ்காரர்கள் சாதாரணமாகச் சொல்வது: 'வாட் டைம் டு யூ ஷட்?'. அதோடு 'அப்' மட்டும் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலும் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டுவிட்டேன், பதில்தான் புரியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்பதை நாலு நாளில் பழகிவிடலாம். பதில் நம் கையில் இல்லை.

பெரிய ஆபத்து 'ஹாஃப் செவன்'. பிரிட்டிஷ்காரர் 'வீ க்ளோஸ் அட் ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. 'ஹாஃப் பாஸ்ட் செவன்' என்பதில் நடுச் சொல்லை முழுங்கிவிடுகிறார். ஆனால் ஜெர்மானியர் தன் மொழியில் 'அரை ஏழு' என்றால் அது ஆறரை. அவர் அதே பழக்கத்தில் இங்கிலீஷ் பேசினால் ஒரு மணி நேரம் வித்தியாசம் வந்துவிடும். ராமேசுவரத்துக்குக் கைட் சர்ஃபிங் பழக எல்லா நாட்டு ஆட்களும் வருகிறார்கள், அதனால் இது கற்பனையான ஆபத்து இல்லை. சந்தேகம் வந்தால் உடனே 'செவன் தர்ட்டி?' என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள். எண்ணைச் சொல்லித் திருப்பிக் கேட்பதில் வெட்கமே கிடையாது.

அமெரிக்கர் 'க்வார்ட்டர் ஆஃப் செவன்' என்றால் ஆறே முக்கால். 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்றால் வெள்ளியும் சேர்த்து. பிரிட்டனில் 'பேங்க் ஹாலிடே' என்றால் பேங்குக்கு மட்டுமில்லை, ஊருக்கே பொது விடுமுறை.

'நைனிஷ்' என்று வாலில் 'இஷ்' ஒட்டினால் ஒன்பது வாக்கில். நம் 'வாக்கில்' எவ்வளவு நீளுமோ அந்த அளவுக்கு 'இஷ்' நீளாது. 'ஒன்பது வாக்கில் வர்றேன்' என்று சொன்னவரை நாம் பத்து மணி வரை எதிர்பார்ப்போம். 'இஷ்' என்பது பத்து, பதினைந்து நிமிஷம்.

'டில் நைன்', 'பை நைன்' இரண்டும் எனக்குக் குழம்புகிறது.

தமிழில் குழம்பவில்லையே. 'ஒன்பது வரை' என்பது 'டில்'. 'ஒன்பதுக்குள்' என்பது 'பை'. 'வீ ஆர் ஓப்பன் டில் நைன்' என்றால் ஒன்பது வரை திறந்திருக்கும். 'ப்ளீஸ் கம் பை நைன்' என்றால் ஒன்பதுக்குள் வாங்க. இவ்வளவுதான்.

'டுடே நைட்' திறந்திருக்குமா என்று கேட்டதற்கு நண்பன் சிரித்தான்.

'டுநைட்' என்று சொல்லியிருக்க வேண்டும். 'டுடே மார்னிங்', 'டுடே ஈவினிங்' என்பதற்குப் பதில் 'திஸ் மார்னிங்', 'திஸ் ஈவினிங்'. 'டுமாரோ மார்னிங்' மட்டும் நாம் சொல்கிறபடியே சரி. சிரித்த நண்பனிடம் 'நேற்று ராத்திரி'க்கு என்ன என்று கேளுங்கள். 'எஸ்டர்டே நைட்' என்பான். 'லாஸ்ட் நைட்' என்பதுதான் வழக்கம்.

மதியம் கடை சாத்துகிறவர்களிடம் எப்படிக் கேட்பது?

'டு யூ க்ளோஸ் ஃபார் லஞ்ச்?' என்று கேளுங்கள். நம் கரையோர ஊர்களில் இது அவசியமான கேள்வி. வெயிலில் ஒரு மணிக்கு மேல் பாதிக் கடைத்தெரு தூங்கும். ராமநாதசுவாமி கோயிலில் மதியம் ஒரு மணி வாக்கில் நடை சாத்தி, மூன்று மணிக்குத் திறப்பது வழக்கம். அதனால் சன்னிதித் தெருக் கடைகளும் அந்த நேரத்தில் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். வெளியூர்க்காரர் உங்களிடம் கேட்டால் 'த டெம்பிள் க்ளோஸஸ் அட் ஒன் அண்ட் ரீஓப்பன்ஸ் அட் த்ரீ' என்று சொல்லுங்கள். கோயிலுக்கு 'நடை சாத்துவது' என்று தனிச் சொல் வைத்திருக்கிறோம். இங்கிலீஷில் கோயிலுக்கும் கொத்துப் பரோட்டாக் கடைக்கும் ஒரே 'க்ளோஸ்'தான்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அக்னி தீர்த்தக் கரையில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும், கடைகளும் கூடவே முழித்திருக்கும். 'வீ ஆர் ஓப்பன் ஆல் நைட்' என்று தைரியமாகச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை, நோன்பு மாதம், கல்ஃப் கடைகள்: இவற்றைப் பற்றிக் கேட்க?

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் ஜும்ஆ நேரத்தில் கடை சாத்தியிருக்கும் என்பது நமக்குத் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. கடைக்காரர் சொல்ல வேண்டியது: 'வீ க்ளோஸ் ஃபார் ஃப்ரைடே ப்ரேயர்ஸ். வீ ரீஓப்பன் அட் டூ தர்ட்டி'. மணியை உங்கள் கடைக்குத் தக்க மாற்றிக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் பகலில் அடைத்து ராத்திரி நெடுநேரம் வியாபாரம் நடக்கும் கடைகளுக்கு 'வீ ஹாவ் டிஃபரன்ட் அவர்ஸ் டியூரிங் ரம்ஜான்' என்பது நல்ல வாக்கியம். வாடிக்கையாளர் பக்கம் நின்றால் 'டு யூ ஹாவ் ஸ்பெஷல் அவர்ஸ் டியூரிங் ரம்ஜான்?'. 'டியூரிங்' வராவிட்டால் 'இன் ரம்ஜான்' போதும்.

கல்ஃப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். அமீரகத்தில் அரசு அலுவலகங்களுக்கு 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளிக்கிழமை அரை நாள். சவூதியில் விடுமுறை வெள்ளி, சனி. ஆகவே 'வீக்கெண்ட்' என்ற சொல்லை நம்பி எதையும் கேட்காதீர்கள். அங்கே 'ஆர் யூ ஓப்பன் ஆன் வீக்கெண்ட்ஸ்?' என்பதைவிட 'ஆர் யூ ஓப்பன் ஆன் ஃப்ரைடேஸ்?' என்று கிழமையைச் சொல்லிக் கேட்பதுதான் பிழைக்கிற வழி.

கிழமைக்குப் பின்னால் 'ஸ்' சேர்ந்தால் எல்லா வெள்ளியும், சேராவிட்டால் வருகிற வெள்ளி மட்டும். அந்தச் சின்ன 'ஸ்' நம் 'தோறும்' மாதிரி.

லண்டன் போகிறவர்களுக்கு வேறு சங்கதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் 6 மணி நேரம்தான் திறக்கலாம். 1994-இல் வந்த சட்டம். முதல் ஞாயிறு ராத்திரி அரிசி வாங்கக் கிளம்பிவிட்டுத் திண்டாடாதீர்கள். சனிக்கிழமையே 'வாட் டைம் டு யூ க்ளோஸ் ஆன் சண்டேஸ்?' என்று கேட்டு வையுங்கள்.

பேங்க் சனிக்கிழமை உண்டா என்று எப்படிக் கேட்பது?

'இஸ் த பேங்க் ஓப்பன் திஸ் சாட்டர்டே?' என்று 'திஸ்' போட்டுக் கேளுங்கள். 2015 செப்டம்பரிலிருந்து நம் நாட்டில் மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை பேங்குகளுக்கு விடுமுறை. 'ஆன் சாட்டர்டேஸ்' என்று கேட்டால் பதில் சொல்பவர் ஒரு சின்னப் பிரசங்கமே செய்ய வேண்டியிருக்கும்.

'ஹோட்டல் எத்தனை மணி வரை?' என்றால் வெளிநாட்டுக்காரர் ரூம் பற்றிப் பேசுகிறார்.

நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பாடு, அவர்களுக்குத் தங்குமிடம். சாப்பாட்டுக் கடையை 'ரெஸ்டாரன்ட்' என்றே சொல்லிவிடுங்கள். அதேபோல 'மெடிக்கல் ஷாப்' அவர்களுக்கு 'ஃபார்மஸி' அல்லது 'கெமிஸ்ட்', 'பெட்ரோல் பங்க்' அவர்களுக்கு 'பெட்ரோல் ஸ்டேஷன்', அமெரிக்கருக்கு 'கேஸ் ஸ்டேஷன்'.

சாப்பாட்டுக் கடையில் மூடும் நேரத்தைவிட முக்கியமானது அடுப்பு அணையும் நேரம். 'வென் இஸ் லாஸ்ட் ஆர்டர்?' அல்லது 'வாட் டைம் டஸ் த கிச்சன் க்ளோஸ்?' என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் சாப்பாட்டுக்கென்றே தேடி வருகிறவரிடம் 'வீ ஆர் ஓப்பன், பட் வீ ஹாவ் லெஸ் ஃபிஷ் திஸ் சீசன்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது கண்ணியம். நாட்டுப்படகு மீன் அன்றைக்கு வந்திருந்தால் வாய்விட்டே சொல்லலாம்.

தனுஷ்கோடிக்குப் போகும் சுற்றுலாக்காரர் 'ஹவ் லேட்?' என்று கேட்கிறார். எதைக் கேட்கிறார்?

எத்தனை மணி வரை இருக்கலாம் என்று. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. ஆனால் இருட்டிய பிறகு அங்கே தங்க விட மாட்டார்கள், பொழுது சாய்வதற்குள் திரும்பியாக வேண்டும். வழிநெடுக இருக்கும் மீன் பொரிக்கிற கடைகளும் பாசிமணிக் கடைகளும் அதற்குத் தக்கபடிதான் எடுத்துக் கட்டப்படும். 'எவ்ரிதிங் க்ளோஸஸ் பிஃபோர் டார்க்' என்று சொன்னால் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். இங்கே மணியைவிட வெளிச்சம்தான் கணக்கு என்பதால் இந்தப் பதில் கடிகாரத்தைவிடத் துல்லியமானது.

போனில் கேட்கும்போது எப்படி ஆரம்பிப்பது?

'ஹாய், ஐ ஜஸ்ட் வான்டட் டு செக், வாட் டைம் டு யூ க்ளோஸ் டுடே?' போதும். பெயர், ஊர், எதற்காகக் கேட்கிறேன் என்ற வரலாறெல்லாம் வேண்டாம். பதில் வந்ததும் 'க்ரேட், தேங்க் யூ' என்று வைத்துவிடலாம். வைக்கிறேன், வச்சிடட்டுமா, சரி வச்சிடுறேன் என்று நாம் மூன்று படியாக இறங்குவோமே, அது அங்கே கிடையாது. திடீரென்று வைத்துவிட்டார்களே என்று மனம் நோக வேண்டாம்.

போனில் தெரியும் வரைபடம் 'ஓப்பன்' என்று காட்டினாலும் ஒரு தடவை பேசிவிடுங்கள். நம் பக்கத்து ஊர்களில் அந்த நேரத்தை யார் போட்டது, எப்போது போட்டது என்று கடைக்காரருக்கே தெரியாது.

கடையில் ஒரு சீட்டு எழுதி மாட்ட வேண்டும். என்ன எழுதுவது?

டீ குடிக்கப் போனால் 'பேக் இன் டென் மினிட்ஸ்'. எழுதிய பிறகு பத்து நிமிஷத்தில் வர வேண்டும், அதுதான் கஷ்டம். முழு நாள் என்றால் 'க்ளோஸ்ட் டுடே'. வியாபாரம் முடிந்து கிளம்பிவிட்டால் 'க்ளோஸ்ட் ஃபார் த டே'. காலை, மாலை நேரம் எழுதும்போது பன்னிரண்டு மணியில் தடுமாற்றம் வரும். பகல் பன்னிரண்டை 'நூன்' என்றும் ராத்திரி பன்னிரண்டை 'மிட்நைட்' என்றும் எழுதிவிட்டால் வம்பில்லை.

சரியாக மூடுகிற நேரத்தில் போய் நின்றால் என்ன கேட்பது?

'ஆர் யூ ஸ்டில் ஓப்பன்?' என்று கேளுங்கள். 'ஸ்டில்' என்றால் இன்னும். 'ஆம் ஐ டூ லேட்?' என்றும் கேட்கலாம். கடைக்காரர் 'வீ ஆர் ஜஸ்ட் க்ளோசிங்' என்றால் சாத்திக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். அது முழு மறுப்பு இல்லை. 'ஐ வில் பி க்விக்' என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள்.

நான் கடையில் நின்ற காலத்தில் ஒரு ராத்திரி ஷட்டர் இடுப்பளவு இறங்கியிருந்தது. ஒரு அம்மா குனிந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி, 'ஆர் யூ ஓப்பன் ஆர் க்ளோஸ்ட்?' என்றார். எனக்கு அப்போது இவ்வளவு இங்கிலீஷ் தெரியாது. ஷட்டரைக் காட்டி 'ஹாஃப்' என்றேன். சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளே வந்து வலம்புரி கேட்டார். வலம்புரிக்கு நான் எங்கே போவது? இடம்புரி இரண்டு எடுத்துக்கொண்டு, வந்த வழியே குனிந்து போனார்.